19570831-ஐக் காரணிப்படுத்துவது எப்படி?

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் என் டியூஷனுக்கு வரும் படிவம் 1 (இடைநிலைப் பள்ளி முதலாம் ஆண்டு) பிள்ளைகளுக்குக் காரணிகள் பாடம் வந்தால், 36, 48 எல்லாம் முடிந்த கையோடு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிடுவேன். மெர்டேகா நாளை, அதாவது மலாயா சுதந்திரம் பெற்ற நாளை, ஆண்டு, மாதம், தேதி என்று சேர்த்து எழுதினால் 19570831. கால்குலேட்டர் பைக்குள் இருக்கட்டும். தாளும் பென்சிலும் போதும்.

2, 5 இல்லை என்பது கடைசி இலக்கத்திலேயே தெரிகிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 34, அதனால் 3-உம் இல்லை. அப்புறம் 7, 11, 13 என்று தனித்தனியாக வகுக்க உட்காராதீர்கள். மூன்றையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம்.

வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 19, 570, 831. வலக்கோடியில் தொடங்கி மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 831 − 570 + 19 = 280. இந்த 280 எதனால் வகுபடுகிறது என்று மட்டும் பாருங்கள். 7-ஆல் வகுபடும், 11, 13-ஆல் வகுபடாது. பெரிய எண்ணுக்கும் அதே பதில்தான். ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதைவிட ஒன்று குறைவு. ஆகவே ஆயிரத்தை −1 என்றும் மில்லியனை +1 என்றும் எடுத்துக்கொண்டாலும் மீதி மாறாது. பள்ளியில் இதை ஏன் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

சரி, 7-ஐ வெளியே எடுத்தால் 2795833. உடனே வர்க்கமூலத்தைக் கணக்கிடுங்கள்; பகாக் காரணிகளை அதுவரை தேடினால் போதும். முன்பு 4423 வரை தேட வேண்டியிருந்தது, இப்போது 1672 போதும். ஒவ்வொரு காரணி கிடைத்ததும் இந்த எல்லையைக் குறைப்பதுதான் பாதி வேலையை மிச்சப்படுத்தும். பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள்.

மறுபடியும் 833 − 795 + 2 = 40. ஆக 7, 11, 13 போயிற்று. இனி 17-இலிருந்து பகா எண்களால் வகுத்தே ஆக வேண்டும். காசியோ கால்குலேட்டரில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். 19, 37, 41 மூன்றிலும் மீதி 2, 29-இல் மீதி 1. கிடைத்துவிட்டது போலவே இருக்கும். 59-இல்தான் பிடிபடும்: 59 × 47387.

புதிய எல்லை 217. 59-ஐ இன்னொரு முறை பார்த்துவிட்டு, 61 முதல் 211 வரையுள்ள முப்பது பகா எண்களையும் போட்டுப் பாருங்கள். எதுவும் வகுக்காது, 47387 பகா எண்.

19570831 = 7 × 59 × 47387

மூன்றும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் வகுத்திகள் 2 × 2 × 2 = 8. அவற்றின் கூட்டுத்தொகை (7 + 1) × (59 + 1) × (47387 + 1) = 8 × 60 × 47388 = 22746240. அதில் எண்ணையே கழித்தால் 3175409. எண்ணைவிடச் சிறியது, எனவே இது குறை எண்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை எழுத முடியுமா? இதற்குக் காரணிகளே வேண்டாம். வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் 3 வராது. கடைசி இரு இலக்கம் 31; மீதி 3. முடியாது.