இஸ்லாமிய இறையியலை ஒளுவிலிருந்து படிக்கத் தொடங்குவது எப்படி

இஸ்லாமியச் சிந்தனையைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக நுழைகிறார்கள். ஈமானின் (நம்பிக்கையின்) அம்சங்கள் ஆறு, இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து என்ற பட்டியலை மனனம் செய்வது ஒன்று. அல்கிந்தி, அல்ஃபாராபி, இப்னு சீனா என்று பெயர் வரிசைப்படி தத்துவ வரலாற்றைப் படிப்பது மற்றொன்று. முதலாவதில் கேள்விக்கே இடமிருப்பதில்லை; இரண்டாவதில் கேள்விகள் நிறைய வருகின்றன, ஆனால் அவை யாருக்கு, எதற்காக எழுந்தன என்பது பிடிபடுவதில்லை. இரண்டிலும் முட்டித் திரும்பியவன் என்ற முறையில் நான் சொல்லும் யோசனை இதுதான்: பள்ளிவாசலின் ஹவுள் (தண்ணீர்த் தொட்டி) கரையில், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவித் தூய்மை செய்யும் ஒளுவிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சொற்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி வையுங்கள். ஒளு, உளூ, வுளூ, வுழூ ஆகிய நான்கும் ஒரே சொல்தான். ரமளான், ரமழான், ரமலான் என்பனவும் அப்படியே. ‘ளாத்’ என்னும் அரபு எழுத்தின் ஒலி தமிழில் இல்லாததால் ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் எழுத்து மாறுகிறது. இதை முதலிலேயே அறிந்துகொள்ளாதவர் ஒரே பொருளை மூன்று தலைப்புகளில் தேடிக்கொண்டிருப்பார்.

இனி, குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளில் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தொழுகைக்கு நிற்கும்போது முகத்தையும் முழங்கைகள் வரை கைகளையும் கழுவுமாறும், தலையைத் தடவுமாறும், கணுக்கால்கள் வரை கால்களைக் கழுவுமாறும் அது கூறுகிறது. படிப்பதற்கு எந்தச் சிக்கலும் இல்லாத கட்டளையாகவே தோன்றும். ஆனால் ‘தலையை’ என்னும் இடத்தில் அரபியில் ‘பி’ என்றொரு முன்னிடைச்சொல் இருக்கிறது. அது தலையின் ஒரு பகுதியைக் குறிப்பதாகக் கொண்டால், ஷாஃபியீ மத்ஹபில் (சட்ட மரபில்) உள்ளதுபோல் சில முடிகளைத் தடவினாலும் கடமை நிறைவேறும். ஹனஃபி மத்ஹபில் கால் பங்குத் தலையையாவது தடவ வேண்டும். மாலிகி மத்ஹபில் தலை முழுவதையும் தடவ வேண்டும். கால்களைக் குறிக்கும் சொல்லில் ஓர் உயிர்க்குறி ‘அ’ என்று ஓதப்பட்டால் அது கழுவ வேண்டிய முகத்தோடும் கைகளோடும் சேர்கிறது. ‘இ’ என்று ஓதப்பட்டால் தடவ வேண்டிய தலையோடு சேர்வதாகக் கொள்ளவும் இடமுண்டு. இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல் முறைகளே. சுன்னிகள் கால்களைக் கழுவுகிறார்கள், ஷியாக்கள் தடவுகிறார்கள்.

அதே வசனத்தில் ‘லாமஸ்தும்’ என்றொரு சொல் வருகிறது. தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் (மண்ணால் தூய்மை) செய்ய வேண்டியவர்களைக் குறிப்பிடுகையில் ‘பெண்களைத் தீண்டியிருந்தால்’ என்று வரும் இடம் அது. தீண்டல் என்பது கையால் தொடுவதா, தாம்பத்திய உறவைக் குறிக்கும் நாகரிகமான சொல்லா? நபித்தோழர்களில் இப்னு அப்பாஸ் (ரலி) இரண்டாவது பொருளைக் கொண்டார். இப்னு உமர் (ரலி) முதலாவதைக் கொண்டார். ஷாஃபியீ மத்ஹபில் மனைவியின் கை பட்டாலும் ஒளு முறிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் முறியாது. நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது, முன்னால் படுத்திருந்த தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் காலை மடக்கிக்கொள்வதற்காகத் தொட்டு உணர்த்திவிட்டு ஸஜ்தா (சிரவணக்கம்) செய்தார்கள் என்ற ஹதீஸை (நபியைப் பற்றிய அறிவிப்பை) ஹனஃபிகள் சான்றாகக் காட்டுவார்கள். இடையில் துணி இருந்திருக்கலாம் என்பது ஷாஃபியீகளின் பதில். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபியீ மத்ஹப் வழக்கில் இருக்க, தமிழகத்தின் உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹப் நிலவுவதால், இரு பக்கத்துக்கும் இடையே திருமணம் நடந்த குடும்பங்களில் இந்த ஒரு சொல்லின் பொருள் அன்றாடம் நினைவுக்கு வரும் விஷயமாகிவிடுகிறது. ஒவ்வொரு வேறுபாட்டையும் குறிக்கும்போது ‘யார் சொன்னார்’ என்பதோடு ‘எந்தச் சொல்லிலிருந்து பெற்றார்’ என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது குறிப்புதான் பிறகு உதவும்.

அடுத்த படி, வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்ததைச் சொல்லும் ஜிப்ரீல் ஹதீஸ். உமர் (ரலி) அறிவிக்கும் இதில், வெண்ணிற ஆடையும் கரிய முடியும் கொண்ட, பயணத்தின் களைப்பே தெரியாத ஒருவர் வந்து, நபியவர்களின் முழங்காலோடு தம் முழங்காலைச் சேர்த்து அமர்ந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்கிறார். செயல், நம்பிக்கை, உள்ளத்தூய்மை என்ற இந்த மூன்றையொட்டியே ஃபிக்ஹ் (சட்டம்), அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு), தஸவ்வுஃப் (சூஃபி நெறி) என்னும் துறைகளைப் பிரித்து விளக்குவது வழக்கம். குறிப்பேட்டையும் இப்படியே மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பிரித்தவுடனேயே எழும் கேள்வியிலிருந்துதான் இறையியல் விவாதம் பெரிதாகக் கிளைக்கிறது: செயலும் நம்பிக்கையும் வெவ்வேறென்றால், தொழுகையை விட்டவர் முஸ்லிமா? 657இல் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஸிஃப்பீன் போருக்குப் பின் தோன்றிய காரிஜியாக்கள், பெரும்பாவம் செய்தவர் இஸ்லாத்தைவிட்டு வெளியேறிவிட்டார் என்றார்கள். முர்ஜிஆக்கள் தீர்ப்பை இறைவனிடமே விட்டார்கள். பஸ்ராவில் ஹஸன் பஸரீயின் வட்டத்திலிருந்து விலகிய வாஸில் இப்னு அதா, பெரும்பாவம் செய்தவர் நம்பிக்கையாளர், இறைமறுப்பாளர் என்ற இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கிறார் என்றார். முஃதஸிலா (விலகியவர்கள்) என்ற பிரிவின் பெயர் அந்த விலகலிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. இமாம் அபூஹனீஃபாவிடம் ஈமான் என்பது உள்ளத்தின் ஏற்பும் நாவின் மொழிதலுமே, அது கூடுவதோ குறைவதோ இல்லை. இமாம் ஷாஃபியீயிடம் செயலும் அதில் அடங்கும், அது கூடும், குறையும். கடமையென ஏற்றுக்கொண்டு சோம்பலால் தொழாதவர் பாவி என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவையும் விசாரித்தால், முழுப்பட்டியலை மனனம் செய்தவரைவிட நீங்கள் தெளிவாக இருப்பீர்கள். குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற தகராறையும், அதையொட்டி 833இல் கலீஃபா மஃமூன் அறிஞர்களிடம் தொடங்கிய விசாரணையையும் இதற்குப் பின் படித்தால் போதும். பலர் அங்கே தொடங்கித்தான் களைத்துப்போகிறார்கள்.

தத்துவத்துக்குப் போகவும் ஒளுவோடு வந்த சொற்களே வழிகாட்டும். ஹனஃபி மத்ஹபில் இரவில் தொழும் வித்ரு தொழுகை வாஜிப், அதாவது விட்டுவிடக் கூடாதது. அதே ‘வாஜிப்’ என்ற சொல்லைத்தான் இப்னு சீனா (980–1037) இறைவனைக் குறிக்க ‘வாஜிபுல் வுஜூத்’ (இருந்தே ஆக வேண்டியது) என்ற தொடரில் பயன்படுத்துகிறார். மற்றவை எல்லாம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவை இருப்பதற்கு வேறொரு காரணம் வேண்டும். இல்லாமல் இருக்கவே முடியாதது ஒன்றுண்டு என்பது அவர் வாதம். அந்த ஒன்று மாறுதலுக்கு உட்படாதது என்பதால், மாறிக்கொண்டேயிருக்கும் தனித்தனி நிகழ்வுகளை அது பொதுமையான முறையிலேயே அறிகிறது என்றும் அவர் சொன்னார். இங்கே சற்று நின்று, தொழுகை முடிந்து கையேந்தி துஆ கேட்பவரின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். என் பிள்ளையின் காய்ச்சலை, இந்த இரவில், இறைவன் அறிகிறானா? கஸ்ஸாலி (1058–1111) சீறியது இந்த இடத்தில்தான். தத்துவவாதிகளை இருபது விஷயங்களில் மறுத்த அவர், மூன்றை மட்டுமே இறைமறுப்பு என்றார்: உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் தனி நிகழ்வுகளை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுதல் இல்லை என்பது. முதலாவதையும் மூன்றாவதையும் இதே துஆவின் கண்கொண்டு படித்தால் அவருடைய கோபத்தின் காரணம் புரியும். கஸ்ஸாலி ஷாஃபியீ சட்ட அறிஞரும்கூட என்பதையும் மறக்க வேண்டாம்.

அவருக்கு மறுப்பெழுதிய குர்துபாவின் (ஸ்பெயினின் கோர்டோபா) இப்னு ருஷ்து (1126–1198) ஒரு காழி, அதாவது நீதிபதி. தத்துவ நூல்களால் அறியப்படும் அவர், மத்ஹபுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்க ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்ற சட்ட நூலையும் எழுதினார். அந்நூல் தொடங்குவது தூய்மையைப் பற்றிய பகுதியில்தான். ‘லாமஸ்தும்’ என்ற சொல்லுக்கு வந்ததும், ஒரே சொல் இரு பொருள்களைத் தாங்குவதுதான் கருத்து வேறுபாட்டின் காரணம் என்று காட்டிவிட்டு, தமக்குத் தாம்பத்திய உறவு என்ற பொருளே மேலோங்கித் தெரிவதாக அவர் எழுதுகிறார். அவருடைய மத்ஹபான மாலிகியிலோ இச்சையோடு தொட்டாலே ஒளு முறியும். கஸ்ஸாலிக்கு அவர் எழுதிய பதிலைத் திறப்பதற்கு முன் இந்தப் பகுதியைப் படியுங்கள். படித்ததை உங்கள் குறிப்பேட்டில் அதே சொல்லுக்கு நேரே எழுதிவையுங்கள்.