குலைநோய்க்கு மருந்தை மாற்றி அடிப்பது எப்படி?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் டெல்டாவில் சம்பா, தாளடி நெல் வைத்தவர்களுக்குக் குலைநோய் என்ற பூஞ்சை நோய் கவலைதான், அதிலும் பிபிடி 5204 ரகம் என்றால் கேட்கவே வேண்டாம். கடையில் கொடுத்ததை வாங்கி அடிக்கும் முன், அந்த மருந்து பூஞ்சையை எந்த இடத்தில் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் இலையைப் பாருங்கள். இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் போலப் புள்ளி இருந்தால் குலைநோய். கதிர் வெளுத்திருந்தால் பிடித்து இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அது தண்டுத்துளைப்பான், அதற்கு மருந்தே வேறு. கழுத்து கறுத்து அங்கேயே ஒடிந்தால் குலைநோய்.

பூஞ்சை வித்து பனி ஈரத்தில் முளைத்து, நுனியில் ஒரு உருண்டையைக் கட்டி, அதற்குள் அழுத்தத்தை ஏற்றி இலையைத் துளைக்கிறது. அழுத்தம் தாங்க உருண்டைக்கு மெலனின் என்ற கருநிறப் பொருள் வேண்டும். ட்ரைசைக்லசோல் என்ற மருந்து அந்த மெலனின் உருவாவதைத்தான் தடுக்கிறது, அதனால் நோய் வருமுன் அடித்தால்தான் முழுப் பலன், உள்ளே போய்விட்ட பூஞ்சையிடம் அது அவ்வளவாக எடுபடாது.

ஐசோபுரோதையோலேன் என்ற மருந்தின் வழி வேறு. பூஞ்சையின் செல் சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பால் ஆனது. அதில் முக்கியமான பாஸ்பாடிடைல்கோலினை, பாஸ்பாடிடைல்எத்தனாலமீனோடு மூன்று மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூஞ்சை தயாரிக்கிறது. இந்த வேலையைச் செய்யும் மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ் என்சைமை மருந்து முடக்குகிறது, சவ்வு சரியாக அமையாது. இந்தக் கொழுப்புகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சவ்வின் பாஸ்போலிப்பிட்டை உடைத்தால் கிடைக்கும் டைஅசைல்கிளிசரால், உருண்டையைக் கட்டச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. புள்ளி தெரிந்த பிறகு நான் ஐசோபுரோதையோலேனைத்தான் சொல்வேன். 40 ஈசி (40 சதவீத மருந்துள்ள, தண்ணீரில் கலக்கும் திரவம்) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 24 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போனால் 300 மில்லி. டப்பாவில் போட்ட அளவையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. ஐப்ரோபென்பாஸ் என்ற மருந்து வேறு பெயரில் வேறு டப்பாவில் வந்தாலும் தாக்குவது இதே பாஸ்போலிப்பிட் தயாரிப்பைத்தான், ஒன்றுக்குப் பழகிய பூஞ்சை மற்றதையும் தாங்கிவிடும், ஆகவே இவை இரண்டையும் மாறி மாறி அடித்தால் மருந்தை மாற்றியதாகவே ஆகாது. இலையில் புள்ளி கண்டு ஐசோபுரோதையோலேன் அடித்தீர்களா, சரி, அப்புறம் தொண்டைக் கதிரில், அதாவது கதிர் வெளிவரும் முன் தண்டுக்குள் இருக்கும் பருவத்தில், கழுத்தைக் காக்க ட்ரைசைக்லசோலுக்குப் போங்கள்.

பனி காய்ந்த பிறகு, காற்று எழும் முன் அடியுங்கள். புதுப் புள்ளி வருவது நிற்கும் வரை யூரியா மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். தழைச்சத்து கூடினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம்.