பூங்காவில் பொங்கல் விழா: மனு ஏன் திரும்பி வந்தது

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரைப் பூங்காவில் பொங்கல் விழா நடத்த அனுமதி கேட்டுக் கொடுத்த மனு மூன்று முறை திரும்பி வந்தது. 'இந்த இடம் எங்கள் பொறுப்பில் இல்லை' என்றார்கள் ஊராட்சி அலுவலகத்தில், அவ்வளவுதான். தேதியை மாற்றினோம், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க மாட்டோம் என்று தனியாக எழுதிக் கொடுத்தோம், வார்டு உறுப்பினரையும் கூட்டிப் போனோம். எட்டு நாள் வீண்.

அப்புறம்தான் வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமப் பதிவேட்டை, எடுத்துப் பார்த்தேன். சர்வே எண் இருந்தால் போதும். பார்வைக்கு ஒரே பூங்கா, பதிவேட்டில் இரண்டு உட்பிரிவு, ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டு தனித் துண்டுகள்! நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஊராட்சி நிலம். அந்தப் பக்கம், அதாவது நாங்கள் மேடை போட நினைத்த புளியமரத்தடி, ஏரிப் புறம்போக்கு (ஏரிக்கு உரிய அரசு நிலம்), நீர்வளத் துறையின் பொறுப்பு. மனுவில் நாங்கள் உட்பிரிவு எண்ணையே எழுதவில்லை, சர்வே எண்ணில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை எண்தான் சிக்கல்.

நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க நாள் இல்லை. சரி என்று மேடையை 40 அடி தள்ளி ஊஞ்சல் பக்கம் மாற்றி, புலப்படத்தின் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் வரைபடம்) நகலில் சிவப்பு மையால் குறித்து, உட்பிரிவு எண்ணோடு கொடுத்தேன். மறுநாளே கையெழுத்தாகிவிட்டது, பெரிய நிம்மதி. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை வைத்துத்தான் காவல் நிலையத்தில் மைக்செட் அனுமதியும் வாங்கினோம்.