குழந்தைக்கு டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நடுராத்திரியில் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும்போது டாக்டரைத் தேட ஆரம்பித்தால், எந்த இடம் திறந்திருக்கிறதோ அங்கேதான் போவோம். அது நல்ல இடமா என்று யோசிக்க அவகாசம் இருக்காது. அதனால் குழந்தை நன்றாக இருக்கும்போதே, முடிந்தால் பிறப்பதற்கு முன்பே டாக்டர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள். கர்ப்பத்தின் எட்டாவது மாதம் இதற்குத் தோதான நேரம். ஏனென்றால், பிறந்து மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் குழந்தையை ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும். பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். எடை இறங்கியிருப்பதும் அப்போதுதான். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம். 10 சதவீதத்தை நெருங்கினால் பால் போதுமான அளவு போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

படிப்பைச் சரிபார்ப்பது எளிது. குழந்தை மருத்துவத்தில் தனியாக மேற்படிப்பு படித்திருக்கிறாரா, மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான பிள்ளைக்கு அனுபவமுள்ள பொது மருத்துவரே போதும். முதல் வருடத்திலும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு போன்றவை இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடமே போங்கள்.

முதலில் ஒரு ஃபோன்

நேரில் போகும் முன் கிளினிக்குக்கு ஃபோன் செய்து சில விஷயங்களைக் கேளுங்கள். டாக்டர் லீவில் இருந்தால் யார் பார்ப்பார்? ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும்? அட்மிட் செய்ய வேண்டி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால், எவ்வளவு பேர்பெற்ற டாக்டராக இருந்தாலும் யோசியுங்கள். முதல் வருடத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

கூடவே இந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "ஒரு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யணும்?" சரியான பதில் ஒன்றுதான்: உடனே கொண்டு வாருங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தாலே அது அவசரம். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தால்கூட அந்த வயதில் வெளியே வேறு அறிகுறி தெரியாமல் போகலாம். "சாயந்திரம் வாங்க", "சிரப் கொடுத்துப் பாருங்க" என்று வரவேற்பில் இருப்பவர் சொன்னால், அங்கே யாருக்கும் இதைச் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். டாக்டர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், குழந்தை அவரிடம் போய்ச் சேர்வதை அந்த முதல் பதில்தான் தீர்மானிக்கிறது.

கை என்ன செய்கிறது என்று பாருங்கள்

டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார் என்பதைவிட, சீட்டு எழுதுவதற்கு முன் என்ன செய்தார் என்பது முக்கியம். முதலில் கை கழுவ வேண்டும். கைக்குழந்தையை டயப்பர்கூட இல்லாமல் எடை போட வேண்டும். நீளத்தைப் படுக்கவைத்து, பலகையில், இரண்டு பேர் பிடித்து அளக்க வேண்டும். ஒரே ஆள் டேப்பை வைத்து அளந்தால் ஓரிரண்டு சென்டிமீட்டர் சுலபமாகத் தப்பிவிடும். தலைச் சுற்றளவையும் எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் வளர்ச்சி வரைபடத்தில் குறித்து உங்களுக்குக் காட்ட வேண்டும். ஐந்து வயது வரை பல நாடுகள் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடம். ஒரு நாள் எடை மட்டும் தெரிந்து அதிகப் பயனில்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம். ஒல்லியான குழந்தை தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. கொழுகொழுவென்று இருந்த குழந்தையின் கோடு, வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் வளைவுகளில் இரண்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும்.

பிறந்த குழந்தையின் முதல் பரிசோதனையில் துணியை முழுக்கக் கழற்றி, இடுப்பு மூட்டை விரித்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துச் சிவப்புப் பிரதிபலிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். தொடையிடுக்கில் நாடி பார்ப்பார்கள். ஆண் குழந்தைக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார்கள். இவற்றைத் தவறவிட்டால் பின்னால் சரிசெய்வது கடினமாகிவிடும்.

தவழும், நடக்கும் வயதுக் குழந்தையிடம் அனுபவசாலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உள்ளே போனதும் உடனே தொட மாட்டார். குழந்தை அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே மூச்சை எண்ணிவிடுவார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிடுவார். காதையும் தொண்டையையும் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அழ ஆரம்பித்துவிட்டால் நெஞ்சுச் சத்தம் சரியாகக் கேட்காது, மூச்சுக் கணக்கும் தப்பாகிவிடும். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இருமலோடு வரும் குழந்தைக்கு இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். இருமல் என்று போன குழந்தையின் சட்டையைக்கூடத் தூக்காமல் மருந்து எழுதுகிறவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

சீட்டைப் படியுங்கள்

சீட்டின் மேலே குழந்தையின் எடை இருக்கிறதா? குழந்தைகளுக்கான மருந்து அளவு பெரும்பாலும் எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும் சிரப் என்றால் 5 மி.லி. சரியாக வரும். அதே 5 மி.லி.யை 250 மி.கி. சிரப்பில் கொடுத்தால் அளவு இரண்டு மடங்கு. 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும் டிராப்ஸில் கொடுத்தால் 500 மி.கி., அதாவது நான்கு மடங்கு; கல்லீரலைப் பாதிக்கிற ஆபத்தான தவறு இது. வெறுமனே "5 மி.லி." என்று எழுதாமல், எத்தனை மி.கி. மருந்து, எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை தடவை என்று எழுதித்தருகிறவரே கவனமுள்ளவர்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில்தான் டாக்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியும். சிறு குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பாலானது வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாக மாறிவிட்டது என்பது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளம் இல்லை. ஆன்டிபயாடிக் எழுதினால், "எதை வைத்து இது பாக்டீரியா என்று சொல்றீங்க, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காதில் சீழ் தெரிகிறது, நெஞ்சில் சத்தம் கேட்கிறது, பரிசோதனை முடிவு இப்படி வந்திருக்கிறது என்று நல்ல டாக்டர் காரணம் சொல்வார். வயிற்றுப்போக்குக்கு முதல் சிகிச்சை ஓ.ஆர்.எஸ். கரைசல், வளரும் நாடுகளின் குழந்தைகளுக்கு அதோடு 10 முதல் 14 நாள் ஜிங்க்கும் தரப் பரிந்துரை உண்டு. ரத்தம் போகாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கும், வயிற்றைக் கட்டும் மருந்தும் எழுதுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஒவ்வொரு தடவையும் ஊசி போடுகிறவரிடமும் அப்படித்தான்.

மருந்தே எழுதாமல், "இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பும் டாக்டரைப் பலருக்குப் பிடிப்பதில்லை. தேவையில்லாத மருந்தைத் தராமல் இருக்கத்தான் அதிக அறிவும் தைரியமும் வேண்டும். ஆனால் அவர் அதோடு நிறுத்தக்கூடாது. எதைப் பார்த்தால் திரும்ப ஓடிவர வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மூச்சுவிடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாதது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாதது: இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் நீங்கள் அறையைவிட்டு வெளியே வர வேண்டும்.

தடுப்பூசி

ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, தெர்மாமீட்டர் போட்டுத் தினமும் குறிக்கிறார்களா என்று கேளுங்கள். போடும் முன் குப்பியையும் காலாவதித் தேதியையும் காட்ட வேண்டும், அட்டையில் தேதியோடு பேட்ச் எண்ணையும் எழுத வேண்டும். போட்ட பிறகு குறைந்தது 15 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்ல வேண்டும், கடுமையான ஒவ்வாமை அரிதாக வந்தாலும் பெரும்பாலும் உடனே வரும். காய்ச்சல் பிள்ளைகளுக்கும் தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளுக்கும் தனி நேரமோ தனி அறையோ இருந்தால் மிகவும் நல்லது. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்

உங்கள் கவலையைக் காதில் வாங்காமல் தள்ளுகிறவரை மாற்றிவிடுங்கள். ஒன்றரை வயதில் நடக்கவில்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, பேசிய பேச்சு நின்றுவிட்டது என்று சொல்லும்போது "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும், பேசும்" என்று முடித்துவிடுவது பதில் இல்லை. பேச்சு வராத பிள்ளையைக் காது கேட்கிறதா என்ற பரிசோதனைக்காவது அனுப்பியிருக்க வேண்டும். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கலாமா என்றதும் கோபப்படுகிறவர், தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவிடம் காரணம் சொல்லாமல் பவுடர் பாலை எழுதித்தருகிறவர், இவர்களிடமிருந்தும் விலகுங்கள்.

அதே சமயம், இரண்டாம் நாளே காய்ச்சல் விடவில்லை என்று ஆளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒருவர் கொடுத்த ஆன்டிபயாடிக் பாதியில் நிற்கும், அடுத்தவர் வேறொன்றைத் தொடங்குவார், அதே ரத்தப் பரிசோதனைக்கு மறுபடியும் ஊசி குத்துவார்கள். மாறும்போது பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் அறிக்கை, தடுப்பூசி அட்டை, வளர்ச்சி வரைபடம், ஒவ்வாமை தந்த மருந்துகளின் பெயர்கள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் ஃபோனில் படமெடுத்தும் வையுங்கள்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது ஆனதும், சில நிமிடம் பெற்றோர் வெளியே இருக்கட்டும் என்று டாக்டர் கேட்டால் தப்பாக நினைக்க வேண்டாம். மாதவிடாய், தூக்கம், மனச்சோர்வு, பள்ளியில் யாராவது மிரட்டுவது போன்றவற்றை அம்மா அப்பா முன்னால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அவரே கேட்காவிட்டால், அப்படி ஒரு வழக்கம் இங்கே உண்டா என்று நீங்களே கேளுங்கள்.