நடப்பு விகிதம் 1.6 இருந்தால் போதுமா?

வங்கியின் கடன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா என்று எழுதும் குறிப்புகளைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன். கூட்டல் பிழை, லட்சத்தைக் கோடி என்று எழுதுவது போன்றவை இரண்டாம் முறை படித்தால் தானாகக் கண்ணில் படும், அதை விடுங்கள். நான் செய்த அதே தவறுகள் இன்றும் மேசைக்கு வருகின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

இடம் பார்க்காமல் சுருக்கத்தை விரிப்பது

டிபி என்றால் பங்குக் கணக்கில் டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட், அதாவது டீமேட் கணக்கை நடத்தித் தரும் நிறுவனம். கடன் கோப்பில் டிராயிங் பவர், அதாவது இன்றைய சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு. சிசி என்பது கேஷ் கிரெடிட், வியாபாரி அந்த வரம்புக்குள் எடுத்துக் கட்டி நடத்தும் கடன் கணக்கு. அதை ஒருவர் கிரெடிட் கார்டு பாக்கி என்று எழுதியிருந்தார். தவணைக் கடனில் 61 முதல் 90 நாள் வரை பாக்கி நின்றால் எஸ்எம்ஏ-2, அதாவது வாராக்கடன் ஆவதற்கு முந்தைய எச்சரிக்கை நிலை. 90 நாள் தாண்டினால்தான் என்பிஏ, அதாவது வாராக்கடன். இரண்டையும் ஒன்றாக்கினால், கட்டி மீள இன்னும் நாள் இருக்கிறவரையும் வாராக்கடன்காரர் ஆக்கிவிடுவோம்.

நிகர என்பிஏ குறைந்தால் வசூல் நடந்ததாக எழுதுவது

மொத்த வாராக்கடனில், அந்த நஷ்டத்துக்காக வங்கி ஒதுக்கி வைத்த தொகையைக் கழித்த மிச்சம்தான் நிகர என்பிஏ. வசூலே இல்லாமல் ஒதுக்கீடு கூடினாலும் குறையும்.

நடப்பு விகிதத்தை அப்படியே நம்புவது

ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடிய சரக்கு, பாக்கி, ரொக்கம் எல்லாம் நடப்புச் சொத்து; ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது நடப்புப் பொறுப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நடப்பு விகிதம். இதை நம்பிக் கெட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி. நடப்புச் சொத்து 80 லட்சம், நடப்புப் பொறுப்பு 50 லட்சம், விகிதம் 1.6. நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது முதலாளி நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும் என்று 1975இல் ரிசர்வ் வங்கியின் டாண்டன் குழு சொன்ன முறைப்படி 100 சொத்துக்கு 75 பொறுப்பு, அதாவது 1.33 போதும். 1.6 இருக்கிறதே என்று நிம்மதியாகப் பரிந்துரைத்தேன்.

பதினான்கு மாதத்தில் கணக்கு என்பிஏ ஆனது. அப்புறம்தான் பாக்கிப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். வரவேண்டிய 40 லட்சத்தில் 18 லட்சம் ஆறு மாதத்துக்கு மேல் பழையது. வாங்கியவர் கடையையே மூடிவிட்டார். சரக்கில் 12 லட்சம், ஆர்டர் ரத்தாகிக் குடோனில் கிடந்த பீஸ். இந்த 30 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 50, விகிதம் 1. அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய தவணைக் கடன் 6 லட்சத்தையும் நடப்புப் பொறுப்பில் சேர்க்காமல் விட்டிருந்தேன். சேர்த்தால் 0.89. ஜாமீன் போட்ட முதலாளியின் அண்ணன் வீட்டுக்கு நோட்டீஸ் போனது. ஒரு பட்டியலை முன்பே கேட்டு வாங்கியிருந்தால் அந்தக் கடனைக் கொடுத்திருக்கவே மாட்டோம்.

இத்தனைக்கும் அறிகுறி பேலன்ஸ் ஷீட்டிலேயே இருந்தது. ஆண்டு விற்பனை 1 கோடியே 46 லட்சம். பாக்கி 40 லட்சத்தை அதால் வகுத்து 365ஆல் பெருக்கினால் 100 நாள். முதலாளி சொன்னதோ 45 நாள் கடன். மீதி 55 நாள் எங்கே என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். பாக்கியை வயது வாரியாகப் பிரித்து வாங்குங்கள், குடோனுக்கு நேரில் போங்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மார்ச் 31 கணக்கை மட்டும் பார்ப்பது

விகிதம் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது, ஆண்டுக் கடைசி வாரத்தில் கையிலிருக்கும் பணத்தைப் போட்டுக் கடனை அடைத்தாலே விகிதம் ஏறும். 80க்கு 50 என்றால் 1.6, இருபதை அடைத்தால் 60க்கு 30, அதாவது 2. வியாபாரம் ஒரு ரூபாய்கூட வளரவில்லை. ஏப்ரலில் சிசியிலிருந்து திரும்ப எடுத்தார்களா என்று கணக்கு அறிக்கையைப் பாருங்கள்.

வங்கியையும் இதே விகிதத்தால் அளப்பது

கூடாது. வங்கிக்கு டெபாசிட் பொறுப்பு, கொடுத்த கடன் சொத்து. அங்கே பார்க்க வேண்டியது சிஆர்ஏஆர்: கொடுத்த கடன் போன்ற சொத்துகளை அவற்றின் ஆபத்துக்கு ஏற்ப எடை போட்டு, அதற்கு எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்ற கணக்கு. வணிக வங்கிகளிடம் ரிசர்வ் வங்கி கேட்பது குறைந்தது 9 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீதம் பாதுகாப்பு மூலதனம்.