ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பும் முன்

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "சார், மூணே நாள்ல அக்செப்ட் ஆயிடுச்சு" என்று மொபைலை நீட்டினார். பணம் கட்டிவிட்டாயா என்றேன். "நாளைக்கு சார்." 2013-இல் இதே சிரிப்போடு நானும் என் கைடு முன்னால் நின்றிருக்கிறேன். எழுத்துப் பிழை, மேற்கோள் வடிவம் எல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு, அவற்றை விடுகிறேன். ஆய்வுக் கட்டுரையை எந்த ஜர்னலுக்குக் கொடுப்பது என்பதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மின்னஞ்சல் அழைப்பை நம்பிக் கட்டுரையைக் கொடுப்பது

தருமபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று இரண்டு கோடை பாட்டிலும் கையுமாக அலைந்து எடுத்த அளவீடுகள். 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று கட்டுரை கேட்டு ஒரு ஜர்னலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் அப்போது வெறும் மாணவன். அந்த ஒரு வார்த்தையிலேயே விழுந்துவிட்டேன். வெளியிடும் முன் கட்டுரையைச் சரிபார்க்க வேண்டிய துறை வல்லுநர், அதாவது மதிப்பாய்வாளர், என்று யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்தாயிரம் கட்டினேன், கட்டுரை வந்துவிட்டது.

பணம் போகட்டும். போனது என் தரவு. ஓரிடத்தில் வெளியான கட்டுரையை நல்ல ஜர்னல் எதுவும் திரும்ப வாங்காது. எடுத்துவிடுங்கள் என்று எழுதினால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்த இணையதளமே காணாமல் போனது. பிறகு குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் அந்த அளவீடுகளைக் கேட்டார். என் கணினியில் இருந்த எக்செல் கோப்பைத்தான் அனுப்ப முடிந்தது. "இது எதுல வந்திருக்கு சார்?" என்றார். என்னத்தைச் சொல்ல?

மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றன பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2009 விதிகள். 2022 விதிகள்தான் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. இடையில் இருந்த அவசரத்தில் இந்தக் கடைகள் நன்றாகவே பிழைத்தன.

பட்டியலில் இருக்கிறதே என்பது

2018 மே மாதம் யூஜிசி, தான் ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களைத் தூக்கியது. அதற்குப் பதிலாக அப்புறம் வந்த கேர் பட்டியலையும் 2025-இல் நிறுத்திவிட்டது. பட்டியலை நம்பாமல், அந்த ஜர்னலின் கடைசி இரண்டு இதழ்களை உட்கார்ந்து படியுங்கள். மீன்வளமும் மேலாண்மையும் சங்க இலக்கியமும் ஒன்றாகக் கிடந்தால் அனுப்பாதீர்கள்.

ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்பது

அது ஜர்னலை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கிறது. பிரேக் இருக்கிறதா?

காசு கட்டினால்தான் ஓப்பன் ஆக்சஸ் என்பது

இல்லை. ஓப்பன் ஆக்சஸ் என்றால் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்பதுதான். அப்படிப்பட்ட ஜர்னல்களுக்கென்று 2003-இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. அட்டவணையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. (இதுவும் பட்டியல்தான், இங்கும் படித்துப் பார்த்துதான் அனுப்ப வேண்டும்.)

காப்பிரைட் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியை, சில காலம் கழித்துக் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் போடப் பல பெரிய பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றிப் படிவம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரிக்காரருக்கு அதுதான் வழி. அந்தக் கைப்பிரதி என்பது நீங்கள் கடைசியாகத் திருத்திய வேர்ட் கோப்புதான், அதை அழித்துவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கையில் பதிப்பகத்தின் பி.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது.