வன்னிப் பேச்சைப் பதிவுசெய்தல்: மொழியியல் இறுதியாண்டு மாணவருக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழியியல், ஆங்கிலத் துறையில் படித்தாலும் சரி, களனியின் மொழியியல் துறையில் படித்தாலும் சரி, வன்னிப் பிள்ளை இறுதியாண்டு ஆய்வுக்குத் தன் ஊர்ப் பேச்சை எடுக்க நினைப்பது இயல்பு. தலைப்பு அநேகமாக ‘வன்னித் தமிழ்: ஓர் ஆய்வு’ என்று வந்து நிற்கும். முதல் வேலையாக இந்தத் தலைப்பை வெட்டுங்கள்.

மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரே ஒழுங்கையில் நாலு வீடு இருக்கலாம். ஒரு வீட்டார் தலைமுறைகளாகக் குளத்தடியில் இருப்பவர்கள். அடுத்த வீட்டாரின் பாட்டனார் நெற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். மூன்றாவது வீடு 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிய குடும்பம். நாலாவது வீட்டார் 1995இல் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் நாலு பேரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். பேச்சு மட்டும் நாலு மாதிரி இருக்கும்.

கிளைமொழியியல் பாடநூல்கள் இடம்பெயராத, வயதான, கிராமத்து ஆணைத் தேடச் சொல்லும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். 2008, 2009இல் போரோடு சனம் முழுக்க நகர்ந்து, பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் போய்த்தான் திரும்பியது. அந்த முகாம் மூடப்பட்டது 2012இல். ஆகவே இடம்பெயராதவரைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பதினாலு வயது வரை எங்கே வளர்ந்தார், தாயும் தகப்பனும் எந்தப் பக்கத்தவர்கள், வீட்டில் இப்போது யாரோடு அதிகம் கதைக்கிறார். ஒருவரின் ஒலிப்பும் இலக்கணமும் பெரும்பாலும் சின்ன வயதில் பிடித்தவை. சொற்கள் எந்த வயதிலும் ஒட்டும். அவற்றை வைத்து ஆளைப் பிரிக்கப் போனால் பிழைக்கும்.

எத்தனை பேர் போதும்? மூன்று பூர்வீகம் (வன்னி, யாழ்ப்பாணம், மலையகம்), இரண்டு வயதுப் பிரிவு, ஒவ்வொன்றிலும் இருவர்: பன்னிரண்டு பேர். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் நாலு மணி நேரப் பதிவு. அதில் ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 60 நிமிடம் மட்டும் எழுத்தில் பெயர்ப்பது என்று இப்போதே முடிவெடுங்கள். விளக்கத்தோடு எழுத, ஒரு நிமிடப் பேச்சு சாதாரணமாக 40 நிமிடத்தைத் தின்னும். 60 நிமிடத்துக்கு 40 மணி நேரம். ஐம்பது பேரைப் பதிந்துவிட்டு எழுத நேரமில்லாமல் நிற்பதுதான் அடிக்கடி நடக்கிற கதை.

யாரோடு போவது, என்ன கேட்பது

கிராம சேவையாளரிடம் விசயத்தைச் சொல்லி வைப்பது நல்லது. ஆனால் அவரையே வீடு வீடாகக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டுத்திட்டம், நிவாரணம், பதிவு என்று எத்தனையோ படிவம் நிரப்பிய சனம்; கையில் தாளோடு ஒருவர் படலையில் நின்றால் மறுமொழி தானாகவே ‘அலுவலகத் தமிழ்’ ஆகிவிடும், எதிர்பார்ப்பும் வந்துவிடும். முன்பள்ளி ரீச்சர், மாதர் சங்கத் தலைவி, கோயில் தர்மகர்த்தா போன்றவர்கள் மூலம் போனால் கதை இளகும். இதனால் காசோ உதவியோ கிடைக்காது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகவே எடுக்கலாம். எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், பெயர் வராது, எப்போது வேண்டுமானாலும் அழிக்கச் சொல்லலாம் என்ற நாலையும் சொல்லி ‘ஓம்’ வாங்குங்கள். துறையின் நெறிமுறைக் குழு கையெழுத்துத்தான் வேண்டும் என்றால், அந்தத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்கவே வேண்டாம்.

இனி, பாடநூலை மூடி வைக்க வேண்டிய இடம். ஆள் தன் பேச்சைக் கவனிக்காமல் கதைக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கச் சமூகமொழியியலாளர் வில்லியம் லபோவ் ‘உயிருக்கு ஆபத்தான நிலையில் எப்போதாவது இருந்தீர்களா?’ என்ற கேள்வியைப் பயன்படுத்தினார். உணர்ச்சி வந்தால் பேச்சு இயல்பாகும் என்பது அதன் அடிப்படை. நியூயோர்க்கில் அது சரிவந்திருக்கலாம். வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ஒரு வினைமுற்றுக்காக 2009ஐக் கிளறுகிற உரிமை எந்த ஆய்வுக்கும் இல்லை. அவராகவே அந்தக் கதைக்குள் போனால் இடைமறிக்காமல் கேளுங்கள், பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள், அந்தப் பகுதியை ஆய்வில் பாவிக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக அவரை ஆசிரியர் ஆக்குங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் என்ன செய்வது, துருசு (மதகு) திறக்கிற முறை என்ன, தேன் எடுக்கப் போகிறவர் எதைக் கொண்டுபோவார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தி எப்படிப் போவார்கள், முனி அடித்தால் யாரிடம் போவது? அறுவடை இயந்திரம் வர முன்னர் மாடு விட்டுச் சூடடித்த களத்தில் ‘பொலி’ போன்ற சொற்கள் எப்படிப் புழங்கின என்று கேட்டால், அறுபதைத் தாண்டியவர்கள் அரை மணி நேரம் நிற்காமல் சொல்வார்கள். பெண்களிடம் சமையலை மட்டும் கேட்பது சோம்பேறித்தனம். வயலில் நாற்று நட்டவர்களும் அவர்கள்தான்.

ஐயா, அம்மா, ஆச்சி, அண்ணை என்று முறை சொல்லிக் கதையுங்கள். நீங்கள் புத்தகத் தமிழில் தொடங்கினால் அவர் வானொலித் தமிழில் முடிப்பார். இன்னும் நல்ல வழி, வீட்டில் இரண்டு பேரைக் கதைக்க விட்டு நீங்கள் பின்னால் போய் இருப்பது. முதல் பத்து நிமிடத்தை எப்படியும் கணக்கில் எடுக்காதீர்கள்.

சொற்பட்டியலும் தேவைதான், ஆனால் எழுதிக் காட்டாதீர்கள். ‘வாழைப்பழம்’ என்று எழுதிக் காட்டினால் பள்ளிக்கூடத்து ழகரம் வந்து நிற்கும். பழத்தைக் காட்டிக் கேட்டால் ளகரம் வரும். ‘நான் ... எண்டு சொன்னன்’ என்ற வாக்கியச் சட்டத்துக்குள் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கள். மலையகப் பூர்வீகத்தவரிடம் இதே சட்டத்தைக் கொடுத்தால் உங்கள் கிளைமொழியை அவர் வாயில் வைத்ததாகிவிடும். அவருடைய வாக்கியத்தை அவரே அமைக்கட்டும்.

பதிவு

சூம் நிறுவனத்தினது போன்ற கைப் பதிவுக்கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தொலைபேசியும் சட்டையில் குத்துகிற சிறிய மைக்கும் போதும். வேவ் கோப்பு, 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட், மணிக்கு 320. வட்ஸ்அப் குரற்பதிவாக வாங்காதீர்கள். சுருக்கும்போது உயர் அதிர்வெண் அடிபட்டு, சகரத்தை அளக்க முடியாமல் போகும். தொலைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்து பதிவு அறும்.

மைக் நாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒலிமட்டம் உச்சத்தில் கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபெலுக்கும் இடையில். குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம், வெட்டுப்பட்டதைத் திருத்த முடியாது. தகரக் கூரைக்குக் கீழே மழை தொடங்கினால் கருவியை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மாரிமழை உள்ள ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் வரையும், காலபோக நெல் வெட்டு நடக்கிற நாட்களும் ஆகாதவை. ஒன்றில் சத்தம், மற்றதில் ஆள் இல்லை. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கோயில் ஒலிபெருக்கி மூன்றையும் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். மாமர நிழல் பெரும்பாலும் அறையை விட நல்லது, எதிரொலி இல்லை.

எழுத்தில் பெயர்ப்பது

பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத உதவும் ஈலான் (ELAN) மென்பொருள் இலவசம். ஒருவருக்கு மூன்று வரி வையுங்கள்: கேட்டபடி ஒலி, உருபு பிரித்தது, பொருள். மிகப் பெரிய பிழை இந்த முதல் வரியில்தான் நடக்கிறது. காது ‘எண்டு’ என்று கேட்கும், கை ‘என்று’ என்று எழுதும். ஒருமுறை எழுதிவிட்டு ஒரு வாரம் கழித்து, எழுதியதைப் பார்க்காமல் அதே இரண்டு நிமிடத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள். எங்கெங்கே திருத்தி எழுதினீர்கள் என்று அப்போது தெரியும்.

எதைத் தேடுவது? ‘உவன், உது, உங்கை’ என்ற உகரச் சுட்டு யாருடைய வாயில் நிற்கிறது, யாரிடம் இல்லை. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது, தமிழகப் பேச்சில் இன்று இரண்டுதான். ‘சாப்பிட்டாச்சோ’வா ‘சாப்பிட்டாச்சா’வா. ‘அவை வருகினம்’ வருகிறதா. ‘மரம்’ என்பதில் கடைசி மகரம் உதடு மூடி முடிகிறதா, மூக்கொலியாகிக் கரைகிறதா. யாழ்ப்பாணப் பேச்சில் பொதுவாக மூடும், இந்தியப் பேச்சில் கரையும். மலையகப் பூர்வீகக் குடும்பத்தில் ஆச்சிக்கும் பேத்திக்கும் இடையில் இது மாறியிருந்தால் ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

‘நீங்கள் எப்ப வந்தனீங்கள்?’ என்ற வடிவத்துக்குத் தனிக் கவனம் கொடுங்கள். வந்தது இருவருக்கும் தெரியும், கேள்வி ‘எப்ப’ மீது நிற்கிறது. அதை வெறும் இறந்தகாலம் என்று ‘வந்தீங்கள்’ளோடு சேர்த்து எண்ணினால் கணக்கு முழுவதும் சரியும். இரண்டையும் வேறு வேறு குறியீட்டில் பிரித்து, முன்னால் இருக்கிற வாக்கியத்தையும் சேர்த்து எடுங்கள்.

உயிரொலி அளக்கப் பிராட் (Praat) மென்பொருள். அதன் அதியுயர் போர்மன்ற் (உயிரொலியின் ஒத்ததிர்வு) எல்லையைப் பெண்ணுக்கு 5500, ஆணுக்கு 5000 ஹேர்ட்ஸ் என்று மாற்றாமல் எல்லோரையும் ஒரே எல்லையில் அளந்துவிட்டு, ‘பெண்களின் உயிர் வேறு’ என்று முடிவு எழுதுவது நடக்கிறது. முடிவுகளை விழுக்காட்டில் கொடுக்காதீர்கள். இரண்டு பேரில் ஒருவர் சொன்னதை ‘50 விழுக்காடு’ என்றால் தேர்வாளர் சிரிப்பார். ஆளுக்கு எத்தனை இடத்தில் வந்தது, எத்தனை இடத்தில் வந்திருக்கலாம் என்று எண்ணிக்கையாகக் கொடுங்கள்.

கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம். இடம், ஆள் இலக்கம், திகதி போதும். பெயரும் இலக்கமும் உள்ள பட்டியல் ஒரு கொப்பியில் தனியே இருக்கட்டும். அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

ஆய்வேடு கொடுத்த பிறகு அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய்ப் பதிவைக் கொடுங்கள். பெரிய வேவ் கோப்பை அவர்களுடைய தொலைபேசி தாங்காது. இதற்கு மட்டும் எம்பி3 ஆக்கலாம்.